தபூக்கிலிருந்து திருச்சிக்கு ஆறு மணி எட்டு நிமிடம்

இருபத்தேழு வயதில் நான் பணி ஓய்வு பெற்றேன். இதைக் கேட்பவர்கள், வேலையிலிருந்து நிறுத்தியதைத்தான் இவன் மெருகு போட்டுச் சொல்கிறான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. முறையாக விழா நடந்தது. எங்கள் மேலாளர் குமரேசன் சார் சால்வை போர்த்தினார். எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த அப்பாவும் அம்மாவும் அன்றைக்கு வெட்டுக்குப் போகாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனதும் நான்தான் முதல், ஓய்வு பெற்றதும் நான்தான் முதல். "கரும்பு வெட்டுற சாதிசனத்துல எவன்யா ரிட்டையர் ஆயிருக்கான்? எம்மவன் ஆயிட்டான்" என்று அப்பா திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

நான் பார்த்த வேலை இதுதான். உலகத்தில் ஏதாவது இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டு, நடுவில் எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் வரும் அல்லவா? அந்தப் பக்கங்களை எழுதுவது. பெரம்பலூரில் ஒரு டயர் கடை மாடியில் உட்கார்ந்து எழுதினோம். எங்கள் ஊருக்கு ரயிலே கிடையாது. அதனால் என்ன, பக்கத்தைப் படிப்பவர் பெரம்பலூருக்கா வரப்போகிறார்?

இப்போது அந்த வேலையை ஒரு மென்பொருள் செய்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு புதியவர்கள் இருக்கிறார்கள். போன வாரம் போன் செய்தார்கள்.

"அண்ணே, மெஷின் திருச்சியில இருந்து திருச்சிக்கே ஒரு பக்கம் போட்டிருக்குண்ணே. தூரம் சைபர். நேரம் அரை மணி. இத அழிக்கிறதா, வுட்டுடுறதா?"

விட்டுவிடுங்கள், கணக்குச் சரி என்றேன். அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் காலத்தில் எப்படி வேலை நடந்தது என்று எழுதித் தரச் சொன்னார்கள். அதற்காகத்தான் இது.

என்னை வேலைக்கு எடுத்தபோது குமரேசன் சார் மூன்றே கேள்விகள் கேட்டார்.

"பிளைட்ல போயிருக்கியா?"

"இல்லைங்க சார்."

"உங்க வூட்ல யாராவது?"

"யாரும் இல்லைங்க."

"ஏரோப்ளேனப் பாத்தாவது இருக்கியா?"

"தலைக்கு மேல போறப்ப பாத்திருக்கேங்க."

"அது போதும். நாளைக்கு வந்துரு."

எனக்கு முன்னால் ஒரு பொறியியல் பட்டதாரி வந்திருந்தார். சிங்கப்பூருக்கு இரண்டு தடவை போய்வந்தவர். அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். காரணத்தைச் சார் பிற்பாடு எனக்கு விளக்கினார். "பிளைட்ல போனவன் மனசுல ஒரு நேரம் ஒட்டிக்கிட்டிருக்கும்ப்பா. அன்னிக்கு மழை பேஞ்சது, அரை மணி லேட்டுன்னு அதையே நெனச்சிக்கிட்டு எழுதுவான். நமக்கு நடுநிலை முக்கியம்." சாரும் பறந்ததில்லை. முதலாளி சென்னையில் இருந்தார். அவர் பறந்திருக்கலாம், கேட்க எங்களுக்குத் துணிவில்லை.

பயிற்சி ஒரு வாரம் நடந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை, ஆங்கில ஊர்ப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது வந்த சண்டைகளைத் தவிர.

செய்முறையைத்தான் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இரண்டு விமான நிலையங்களும் பூமியில் எங்கே இருக்கின்றன என்ற இடக்குறிப்பை எடுப்போம். அவற்றுக்கு நடுவே நூல் பிடித்த மாதிரி நேர்க்கோட்டுத் தூரம். அதை மணிக்கு எண்ணூற்றைம்பது கிலோமீட்டர் என்று வகுப்போம். வரும் நேரத்தோடு அரை மணி கூட்டுவோம். மேலே ஏறவும் கீழே இறங்கவும் ஆகும் நேரம் அது. சார் அதற்கு 'மரியாதை நேரம்' என்று பெயர் வைத்திருந்தார். "வானத்துக்குப் போறோம், சட்டுனு போயிர முடியுமா? ஒரு மரியாதை வேணாம்?" திருச்சியிலிருந்து திருச்சிக்கு அரை மணி ஆவது இதனால்தான். எங்கும் போகாவிட்டாலும் மரியாதை உண்டு.

அந்த இரண்டு ஊருக்கும் நடுவே விமானம் ஓடுகிறதா என்று நாங்கள் பார்த்ததே இல்லை. பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வெயில் எப்படிக் கொளுத்தினாலும் டை கட்டியிருப்பார், காலில் ரப்பர் செருப்பு. காலையில் மாடிப்படி ஏறி உள்ளே வந்ததும் வணக்கம் சொல்ல மாட்டார், "லேண்டிங்" என்பார். டீ வந்தால் "எரிபொருள்". யாராவது தாமதமாக வந்தால் திட்டமாட்டார், "காலநிலை சரியில்லையா?" என்று விசாரிப்பார், அது திட்டைவிட மோசமாக இருக்கும். சுவரில் ஐந்து கடிகாரங்கள் மாட்டியிருந்தார்: லண்டன், துபாய், சிங்கப்பூர், நியூயார்க், பெரம்பலூர். ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பேட்டரி. எந்த நாட்டுப் பக்கம் எழுதுகிறோமோ அந்தக் கடிகாரத்துக்குப் பேட்டரியை மாற்றி, மணியைத் திருத்தி ஓடவிடுவோம். மற்ற நாடுகள் நின்றுகொண்டிருக்கும்.

அவருக்கு ஒரு விதி உண்டு. ஏற்றிய பக்கத்தை இறக்கக் கூடாது. திருத்தலாமா என்று கேட்டால் நெஞ்சில் கைவைத்துக்கொள்வார். "ஒருத்தன் அதை நம்பிக் கெளம்பியிருப்பான்ப்பா. பாதி வானத்துல இருக்கறப்ப பக்கத்த மாத்துனா அவன் என்னா பண்ணுவான்?"

இந்த விதியால்தான் கனி பாய் விவகாரம் அத்தனை பெரிதானது.

கனி பாய்க்கு லெப்பைக்குடிகாட்டில் ஜவுளிக் கடை. ஒருநாள் முற்பகல், இரண்டு மாடி ஏறிய மூச்சிரைப்போடு எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தாள். நாங்கள் எழுதிய பக்கத்தை அச்செடுத்து, ரேஷன் கார்டைப் போல லேமினேஷன் செய்து வைத்திருந்தார்.

"விமான தூரம் பாக்குற ஆபீஸ் இதானா?"

"இதுதாங்க, வாங்க" என்று சார் எழுந்து நின்றார். எங்கள் பக்கத்தைப் படித்த ஒரு மனிதர் நேரில் வந்தது அதுதான் முதல் தடவை. அவரைத் துபாய் கடிகாரத்துக்குக் கீழே உட்காரவைத்து எரிபொருள் வாங்கிவரச் சொன்னார்.

தாளில் இருந்தது நான் எழுதியது. சவுதியில் தபூக் என்ற ஊரிலிருந்து திருச்சிக்கு: தூரம் நாலாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர், பயண நேரம் ஆறு மணி எட்டு நிமிடம்.

"இது நெசம்தான?" என்றார் பாய்.

"எட்டு நிமிஷம் வரைக்கும் நெசம்" என்றார் சார்.

பாய் தாளை மடியில் வைத்துக்கொண்டு தலையில் கையை வைத்தார். "அப்ப முடிஞ்சிச்சு. இந்தக் கல்யாணம் வேணாம்."

விஷயம் இதுதான். பாயின் தங்கச்சி மகள் ஷர்மிளா. தகப்பன் இல்லாத பெண்; பாய்தான் வளர்த்துப் படிக்கவைத்தார். அவளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை ரியாஸ், தபூக்கில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். நிக்காஹ் அடுத்த மாதம். ஜமாஅத்தில் சொல்லியாகிவிட்டது, மண்டபமும் பேசியாகிவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு ரியாஸ் லீவில் வந்தபோது, ஒருநாள் காலையில் அங்கிருந்து கிளம்பிவிட்டேன் என்று போன் செய்திருக்கிறார். வந்து சேர்ந்ததோ மறுநாள் சாயங்காலம், சட்டையெல்லாம் கசங்கி. அப்போது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது யாரோ சொந்தக்காரர் எங்கள் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். பாய் கணக்குப் பார்த்திருக்கிறார்.

"ஆறு மணி நேரத்துப் பயணம் சார். திருச்சியில இருந்து எங்கூருக்கு ஒரு ரெண்டு மணி நேரம் வெச்சிக்கங்க. அன்னிக்கி ராவுக்கே வூட்டுக்கு வந்திருக்கணும். மிச்ச நேரமெல்லாம் எங்க போனான்? கேட்டா, கொழும்புல தங்கல் மாமுங்குறான். கொழும்புல இவனுக்கு யாரு இருக்கா, தங்குறதுக்கு?"

நான் வாயைத் திறந்தேன். "பாய், அது வந்துங்க, விமானம் மாறுறதுக்காக..."

"எங்கூர்ல வூட்டுக்கு ஒருத்தன் துபாய்ல இருக்கான் தம்பி. ராத்திரி ஏறுவான், விடிஞ்சா எறங்குவான். எவனும் கொழும்புல போயி குந்துனது கெடையாது. பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் போட்டோ புடிச்சி அனுப்புடான்னு வாங்கிப் பாத்தேன். பாஸ்போர்ட்டுல கொழும்பு முத்திரையே இல்ல. டிக்கெட்டுல மட்டும் கொழும்புன்னு இருக்கு. போயிருந்தா முத்திரை எங்க? போகலைன்னா தங்கல் எங்க?"

"டிராவல்ஸ்ல யாரையாவது கேட்டீங்களா பாய்?"

"டிராவல்ஸ் வெச்சிருக்கறவன் மாப்பிள்ளைக்குச் சாச்சா மவன். அவன் எப்படி நெசத்தச் சொல்லுவான்? அதான் மூணாவது மனுசர் கிட்ட வந்திருக்கேன்."

மூன்றாவது மனிதர் என்றதும் சார் டையைச் சரிசெய்துகொண்டார்.

நான் விடவில்லை; முதல் தடவையாக இணையத்தில் தேடிப் பார்த்தேன். "பாய், தபூக்ல இருந்து திருச்சிக்கு நேரா பிளைட்டே கிடையாதுங்க."

பாய் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சாரிடம் திரும்பினார். "இல்லாத பிளைட்டுக்கு எதுக்கு சார் நேரம் போட்டீங்க?"

இந்தக் கேள்வியை எங்கள் தொழிலில் யாரும் அதுவரை கேட்டதில்லை. சார் கொஞ்சமும் அசரவில்லை.

"பிளைட்டு இருக்கா இல்லையாங்குறது எங்க துறை கெடையாதுங்க. இருந்தா எவ்ளோ நேரம்ங்குறதுதான் எங்க துறை."

பாய் எழுந்து கத்தப்போகிறார் என்று நான் நினைத்தேன். மாறாக, அவர் முகம் தெளிந்தது. "பாத்தியா தம்பி, பேச்சுல ஒரு நேர்மை இருக்கு. பொய் சொல்றவன் ஆறு மணி நேரம்னு முழுசா சொல்லுவான். எட்டு நிமிஷம்னு இழுக்குறான் பாரு, அவன் பொய் சொல்ல மாட்டான்."

சாரைத் தனியாகக் கூப்பிட்டு, நேர் விமானம் இல்லை என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடலாமா சார் என்று கெஞ்சினேன். ஒரு பெண்ணின் கல்யாணம் சார் என்றேன். அவர் நெஞ்சில் கைவைத்தார். "நம்ம பக்கத்த நாமளே வுட்டுக்குடுத்தா, அப்பறம் அதுக்கு யாருப்பா இருக்கா?"

பாய் கிளம்பும்போது என்னைக் காட்டி, "கணக்குப் போட்டது இந்தத் தம்பிதான? இது ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் இவரு எங்கூட இருக்கட்டும். மாப்பிள்ளை வூட்டுக்காரங்க கேட்டா காட்டணும்ல" என்றார்.

"தாராளமா" என்றார் சார். என்னிடம், "வெளிநாட்டுப் பணின்னு நெனச்சிக்க" என்றார்.

இப்படி நான் ஒரு லேமினேஷன் தாளுக்குத் துணைச் சான்றாகக் கனி பாயிடம் ஒப்படைக்கப்பட்டேன். அவர் பெரம்பலூருக்கு வரும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டுக்கொள்வார். கல்யாணத்தை நிறுத்துவதா நடத்துவதா என்று தெரியாததால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். பந்தல்காரரிடம், "போடு, ஆனா அழுத்திப் போடாத" என்றார். அழைப்பிதழ் அச்சகத்தில் மாப்பிள்ளை பெயரை மட்டும் கடைசியில் கோர்க்கச் சொன்னார். எல்லா இடத்திலும் என்னை, "தம்பி விமானத் துறை" என்று அறிமுகப்படுத்தினார். எனக்கு நாற்காலி போட்டார்கள்.

அந்த நாட்களில் ஒருநாள் ஆபீஸ் போனுக்கு ஷர்மிளா பேசினார். நல்ல தெளிவான குரல்.

"அண்ணே, தபூக் பக்கம் எழுதுனது நீங்களா?"

"ஆமாங்க."

"அத அழிச்சிடுங்கண்ணே. எம் மாமு ராத்திரி அந்தத் தாள தலையணைக்கு அடியில வெச்சிக்கிட்டு தூங்குறாரு. அவரு கெட்டவரு இல்லண்ணே. அத்தா இல்லாத புள்ளைய எவன்கிட்டயாவது ஏமாந்து குடுத்துட்டேன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு பயப்படுறாரு. எனக்கு ரியாஸத் தெரியும். பொய் சொல்லத் தெரியாது அவருக்கு. ஒரு பொய் சொல்லியிருந்தா இந்நேரம் தப்பிச்சிருப்பாரு."

விதியைச் சொன்னேன். ஏற்றிய பக்கத்தை இறக்க முடியாது.

"சரி, அழிக்கத்தான் கூடாது. புதுசா ஏத்தலாமா?"

"எத்தனை வேணும்னாலும் ஏத்தலாங்க."

"பெரம்பலூர்ல இருந்து ஆண்டிமடத்துக்கு ஒண்ணு போடுங்கண்ணே."

இரண்டு ஊரிலும் விமான நிலையம் கிடையாது என்றேன். தபூக்கிலிருந்து திருச்சிக்கு விமானமே கிடையாதே, அதற்குப் போட்டீர்கள் அல்லவா என்றார். சாரிடம் கேட்டேன். அவர் கண்கள் பனித்துவிட்டன. "எத்தனை வருஷமாப்பா, ஊரு ஒலகத்துக்கெல்லாம் பக்கம் போட்டோம். நம்ம ஊருக்குன்னு கேட்டது இந்தப் பொண்ணு ஒண்ணுதான். போடு. பஸ் ஸ்டாண்டையே விமான நிலையம்னு வெச்சிக்க."

பேட்டரியைப் பெரம்பலூர் கடிகாரத்துக்கு மாற்றிவிட்டு உட்கார்ந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நேர்க்கோட்டில் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். வகுத்தால் நாலு நிமிடம். மரியாதை நேரம் அரை மணி. ஆக முப்பத்து நாலு நிமிடம். எதற்காக இந்தப் பக்கம் என்று நான் ஷர்மிளாவிடம் கேட்கவில்லை. பக்கம் கேட்பவரிடம் காரணம் கேட்பது எங்கள் வழக்கமில்லை. பிழையில்லாமல் எழுதினேன், ஏற்றினேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, கல்யாண இனிப்புக்கு முந்திரி வாங்க பாய் ஆண்டிமடம் கிளம்பினார். முந்திரி அங்கேதான் நயமாக இருக்கும் என்பது அவர் கட்சி. வழியில் என்னையும் கூட்டிக்கொண்டார். பெரம்பலூரில் பஸ் ஏறும்போது வீட்டுக்குப் போன் செய்து, ஏறிவிட்டேன் என்று தன் மனைவியிடம் சொன்னார்.

ஆண்டிமடத்துக்குப் போக அரியலூரில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். அரியலூருக்கு முன்னால் சிமென்ட் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆண்டிமடம் பஸ் புறப்பட்டுப் போயிருந்தது. அடுத்தது வருமா என்று நேரக் காப்பாளர் அறையில் கேட்டோம். "வரும்" என்றார் உள்ளே இருந்தவர். எப்போது என்று கேட்டோம். "வர்றப்ப" என்றார்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ குடித்தோம். வடை தின்றோம். பாய் நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்தார். மறுபடியும் டீ. வெயில் பெஞ்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்தது. நாங்களும் கூடவே நகர்ந்தோம். அப்போதுதான் பாயின் போன் அடித்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"எங்கங்க இருக்கீங்க?" மனைவியின் குரல்.

"அரியலூர்ல இருக்கேன்."

"அரியலூர்லயா? ஆண்டிமடத்துக்குப் போய்ட்டு இந்நேரம் திரும்பியிருக்கணுமே."

"பஸ்ஸு கெடைக்கலம்மா."

"முப்பத்து நாலு நிமிஷம்னு போட்டிருக்கு. இங்க ஷர்மிளா கையில தாள் இருக்கு."

"எந்தத் தாளு?"

"அதே ஆபீஸ் தாளுதான். பெரம்பலூரு, ஆண்டிமடம், ஐம்பத்தஞ்சு கிலோமீட்டரு, முப்பத்து நாலு நிமிஷம். நீங்க காலையில ஏறுனீங்க, இப்ப சாயங்காலம் அஸருக்குப் பாங்கு சொல்லப் போறாங்க. மிச்ச நேரமெல்லாம் எங்க போனீங்க?"

பாய் என்னைப் பார்த்தார். நான் வடைச் சட்னியைப் பார்த்தேன்.

"எங்கயும் போகலடி. அரியலூர்ல தங்கல்."

"அரியலூர்ல உங்களுக்கு யாரு இருக்கா?"

"யாரு இருப்பா? பஸ்ஸு மாறணும்ல!"

"மாறுறதுன்னா எறங்கி ஏறுறது. அதுக்கு எதுக்கு அரை நாளு?"

பாய்க்கு வேர்த்துவிட்டது. பெஞ்சிலிருந்து எழுந்து, டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடம் போனை நீட்டினார். "யோவ், நான் வந்ததுலேர்ந்து இங்கயேதான குந்தியிருக்கேன்? என் வூட்ல கேக்குறாங்க, கொஞ்சம் சொல்லுய்யா."

டீக்கடைக்காரர் இரண்டடி பின்வாங்கினார். "குடும்பப் பிரச்சனைங்களா? எனக்கு எதுக்குங்க வம்பு. நீங்க வந்ததையே நான் பாக்கலைங்க."

"அடப்பாவி! மூணு டீ குடிச்சேனேய்யா!"

"ஆயிரம் பேரு குடிக்கிறாங்க."

பாய் நேரக் காப்பாளர் அறைக்கு ஓடினார். தன் பஸ் டிக்கெட்டை ஜன்னலில் நீட்டி, "இங்க எறங்குனேன்னு ஒரு முத்திரை போட்டுக் குடுங்க சார்" என்றார். உள்ளே இருந்தவர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எறங்குறதுக்கு எதுக்குங்க முத்திரை? மாறிப் போறவங்களுக்கு எந்த ஊர்லயும் முத்திரை கெடையாதுங்க."

போன் இன்னும் இணைப்பில்தான் இருந்தது. "முத்திரையும் இல்லையா?" என்றது அது.

கடைசியில் பாய் போனை என் கையில் திணித்தார். "தம்பி, நீ சொல்லு. கணக்குப் போட்டவன் நீதான? நீ சொன்னா நம்புவா."

பணிக்காலத்தில் எனக்கு வந்த கடினமான நேரம் அதுதான். ஒரு பக்கம் நான் எழுதிய பக்கம். அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. இன்னொரு பக்கம் வேர்த்து நிற்கும் மனிதர். காலையிலிருந்து அவர் பக்கத்தில் இருந்தவன் நான்.

"தம்பி, முப்பத்து நாலு நிமிஷம்ங்குறது சரியா?" என்றார் அந்த அம்மா.

"சரிதாங்க."

"அப்ப இவரு சொல்றது பொய்யா?"

"இல்லைங்க, பாய் சொல்றதும் சரிதாங்க. கணக்கு நேரா போவுதுங்க. அந்த வழியில பஸ்ஸு இல்லைங்க. மனுசங்க பஸ் இருக்குற வழியிலதாங்க போக முடியும். அதனால நடுவுல குந்தியிருக்க வேண்டியதாயிடுதுங்க. குந்துறவங்க மேல தப்பு இல்லைங்க."

மறுமுனையில் யாரோ சிரித்தார்கள். பாய் காதைத் தீட்டிக்கொண்டார். "யாரு சிரிக்கிறது? ஷர்மிளாவா?"

"நான்தான் மாமு" என்றது குரல். பிறகு சிரிப்பு நின்றது. "கொழும்புலயும் பெஞ்சுதான் மாமு போட்டிருப்பாங்க."

இணைப்பு அறுந்தது. பாய் வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆண்டிமடம் பஸ் வந்தது. ஏறாமல் இருந்துவிடுவாரோ என்று பயந்தேன், ஏறினார். ஜெயங்கொண்டத்தில் பஸ் நின்றபோது என் பக்கம் திரும்பினார்.

"பஸ்ஸு இல்லைன்னு சொன்னியே, அந்த வார்த்தைய உங்க ஆபீஸ்லயே ஏன்யா சொல்லல?"

"பிளைட்டு இல்லைன்னு சொன்னேங்களே பாய்."

"பிளைட்டு இல்லைன்னா எனக்கு என்னா தெரியும்? பஸ்ஸு இல்லைன்னு சொல்லியிருக்கணும்."

பிறகு தபூக்குக்குப் போன் போட்டார். வழக்கம்போல ஸ்பீக்கரில்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமு" என்றது ரியாஸின் குரல். ஒரு மாதமாக இந்தக் குரலிடம் பாய் கணக்குத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வஅலைக்கும் ஸலாம். மாப்ளே, அந்தக் கொழும்புல... குந்துறதுக்கு நல்ல எடமா இருக்குமா?"

"மாமு?"

"பெஞ்சு கிஞ்சு இருக்கான்னு கேக்குறேன். இல்ல, தரையிலயா?"

"இரும்புச் சேரு மாமு. நடுவுல கைப்புடி இருக்கும், படுக்க முடியாது."

"சாப்பாடு?"

"கெடைக்கும் மாமு. வெலை சாஸ்தி, அதனால பேரீச்சம்பழம் எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்."

பாய் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இந்தத் தடவ ஒரு தலையணை எடுத்துக்க. காத்து ஊதுறது இருக்காம்ல, அது. இன்ஷா அல்லாஹ், நல்லபடியா வந்து சேரு."

மறுநாள் ஆபீசுக்கு வந்து சாரிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தார். சார் வாங்க மறுத்துவிட்டார். ஏற்றியதை இறக்க முடியாது என்று அவரிடமும் சொன்னார். பாய் அதைத் தன் கடையில் சேலைகளுக்கு இடையே அட்டையாக வைத்துக்கொண்டதாகக் கேள்வி. பந்தல்காரருக்கு மட்டும் அன்றைக்கே ஆள் போனது, இனிமேல் அழுத்திப் போடலாம் என்று.

நிக்காஹ் அன்று விடியற்காலையில் ரியாஸ் வந்து சேர்ந்தார். முந்தின நாள் சாயங்காலமே வந்திருக்க வேண்டியவர்; ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. லெப்பைக்குடிகாட்டு மண்டபத்தில் எனக்கும் சாருக்கும் மாப்பிள்ளை வீட்டு வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். சார் புது டையில் வந்திருந்தார். நிக்காஹ் முடிந்து, பிரியாணியும் முடிந்து, முந்திரி போட்ட இனிப்பும் வந்து போனபின் கனி பாய் என் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் கூட்டிக்கொண்டு போனார். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த ரியாஸுக்குக் கண்கள் தூக்கத்தில் செருகிக்கொண்டிருந்தன. கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. இரும்பு நாற்காலியின் வேலை.

"மாப்ளே, ஒன்னைய ஆறு மணி எட்டு நிமிஷத்துல கொண்டாந்தவரு இவருதான்."

நான் மன்னிப்புக் கேட்கத் தயாராக நின்றேன். ரியாஸ் பிடித்துக்கொண்ட கழுத்தோடு உடம்பையே என் பக்கம் திருப்பினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. என் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் மெதுவாக விசாரித்தார்.

"அண்ணே, அந்தப் பிளைட்டு தபூக்ல எங்கண்ணே நிக்கும்? அடுத்த தடவ அதுல ஏறிக்கிறேன்."

கனி பாய் மருமகனின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"அது எங்கயும் நிக்காது மாப்ளே. அதான் யாரும் ஏற முடியல."